யாபேஸ் வாசிக்கிறான்

புளி கொட்டும் மாதங்களில் நைனார்பாளையத்தின் கிழக்கோரத் தெருவில் பாடம் நடத்துவது லேசான காரியமில்லை. எந்த வீட்டு வாசலைப் பார்த்தாலும் தார்ப்பாயில் புளியம்பழம் காயும். ஓடு உடைக்கிற சத்தமும் கொட்டையைத் தட்டி எடுக்கிற சத்தமும் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை கேட்டுக்கொண்டே இருக்கும். கமலா அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் தன் இரண்டு பிள்ளைகளுக்கும் பாடம் சொல்லிக்கொடுத்தாள். கை கட்டையால் புளியைத் தட்டும், வாய் பாடம் சொல்லும், கண் பிள்ளைகள் மேல் இருக்கும். கெட்டிக்காரி என்று தெருவில் அவளுக்கு நல்ல பேர். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாத வீடு என்ற கெட்ட பேரும் அதே தெருவில்தான் இருந்தது. நல்ல பேரும் கெட்ட பேரும் ஒன்றோடொன்று சண்டை போடாமல் குடித்தனம் நடத்தின.

கமலாவின் புருஷன் அருள், சின்ன யானை என்று எல்லாரும் கூப்பிடுகிற குட்டி லோடு வண்டி ஓட்டுகிறவன். கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலை ஏறி, வெள்ளிமலை, கரியாலூர் பக்கம் புளியும் கடுக்காயும் சாமையும் ஏற்றிக்கொண்டு வந்து சின்னசேலத்தில் ஹயாத் பாஷாவின் மண்டியில் இறக்குவான். கொட்டை எடுக்க வேண்டிய புளி அங்கிருந்து வீடு வீடாகப் பிரிந்து போகும். ஒரு காலத்தில் அருளின் வண்டி மலையிலிருந்து நேராக இறங்கி வந்ததே அபூர்வம். அவ்வளவு குடி. ஒரு நாள் வண்டியோடு சரிவில் போய் ஒரு பலாமரத்தில் சிக்கிப் பிழைத்தான். ஆஸ்பத்திரியில் ஜெபம் பண்ண வந்த பாஸ்டர் ஒருவரின் பின்னால் அன்றைக்குப் போனவன்தான். அதற்கப்புறம் ஒரு சொட்டு தொட்டதில்லை. மூத்தவள் அபிநயா அதற்கு முன்னால் பிறந்தவள். பையன் பின்னால் பிறந்ததால் அவனுக்கு வேதத்திலிருந்து யாபேஸ் என்று பேர் வைத்தார்கள். பிள்ளைகளின் பேரை வைத்தே அப்பனின் கதையைச் சொல்லிவிடலாம்.

பள்ளிக்கூடத்தை நிறுத்தியதற்கு அடிதடி, புகார் என்று பெரிய காரணமெல்லாம் கிடையாது. அபிநயா இரண்டாவது படித்தபோது ஆண்டு விழாவில் அம்மன் பாட்டுக்கு ஆடினாள். நெற்றி நிறையக் குங்குமம், கையில் வேப்பிலை. அருள் லோடை விட்டுவிட்டு வந்து கடைசி வரிசையில் நின்று பார்த்தான். பெண் நன்றாக ஆடினாள். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. யாரோடும் சண்டை போடவில்லை. லீவு முடிந்து பள்ளி திறந்தபோது அனுப்பவில்லை, அவ்வளவுதான். டீச்சர் தேடி வந்தார். அருள் அவருக்கு நாற்காலி போட்டு மோர் கொடுத்தான்.

“டீச்சர், எங்க வூட்டுல அவங்க பிளஸ் டூ பாஸு. வூட்லயே வெச்சி சொல்லிக்குடுக்கறோம். புள்ளைங்க கர்த்தருக்குள்ள வளரணும்னு ஒரு ஆச. தப்பா எடுத்துக்காதீங்க.”

டீச்சர் மோரைக் குடித்துவிட்டுப் போனார். வருஷா வருஷம் மே மாதம் சேர்க்கைக்கு ஆள் பிடிக்கக் கிளம்பும்போது வந்து மோர் குடிப்பார், போவார்.

கமலாவின் பாடமுறை சுலபமானது. காலையில் அருள் வண்டி எடுப்பதற்கு முன்னால் குடும்ப ஜெபம். நான்கு பேரும் வட்டமாக உட்கார்ந்து வேதப் பகுதியை ஆளுக்கொரு வசனமாக வாசிப்பார்கள். பிள்ளைகள் தடுமாறக் கூடாது என்பதற்காக முந்தின நாள் சாயங்காலமே கமலா அந்தப் பகுதியைச் சத்தமாக வாசிப்பாள். அபிநயாவும் யாபேஸும் விரல் வைத்து அவளோடு கூடவே சொல்லுவார்கள். கணக்கு, ஆங்கிலம் எல்லாம் அதற்கப்புறம், அதுவும் வாய்ப்பாடமாகவே. யாபேஸுக்கு எட்டு வயது. தன் முறை வந்தால் ஒரு சொல் பிசகாது. விரல் வரி வரியாகப் போகும். பக்கம் முடிந்தால் சரியாகப் புரட்டுவான். கடினமான சொற்களில் பெரியவர்கள் திக்குகிற இடத்தில்கூட அவன் திக்கமாட்டான்.

அருளுக்குப் பெருமை பிடிபடவில்லை. உபவாச ஜெபம், வீட்டுக் கூட்டம் என்று எங்கே போனாலும் பையனைக் கூட்டிக்கொண்டு போய்ப் புத்தகத்தைக் கையில் கொடுப்பான். அதைக் கேட்டுத்தான் சபையில் மூன்று குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளையும் கமலாவிடம் விடுவதாக வந்தன. பள்ளியை விட்டு நிறுத்திவிட்டு ஜூனிலிருந்து முழுக்க அவளிடமே படிக்க வைப்பதாகப் பேச்சு. வருகிற ஞாயிறு சபையில் பிள்ளைகள் ஞாயிறு. யாபேஸ் பகுதி வாசிக்க வேண்டும், அதன்பின் பாஸ்டர் இந்த வீட்டுப் பள்ளியைப் பற்றி அறிவிக்க வேண்டும். இப்படி ஏற்பாடு.

அந்த வியாழக்கிழமை ஹயாத் பாஷாவின் மனைவி கமர் ஜஹான் ஆட்டோவில் வந்து இறங்கினாள். புளி நன்றாகக் காய்ந்திருக்கிறதா, நார் போயிருக்கிறதா என்று பார்க்க அவளே நேரில் வருவது வழக்கம். குனிந்து ஒரு பிடி எடுத்து அமுக்கிப் பார்த்தாள்.

“ஈரம் கொஞ்சம் ஜாஸ்தி கமலா. இன்னும் ரெண்டு வெயிலு காட்டு.”

“வெயிலுக்கு இன்னாக்கா பஞ்சம்? மண்டைய பொளக்குது. உக்காருங்க, மோர் கொண்டாரேன்.”

யாபேஸ் வாசற்படியில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமைப் பகுதியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். கமர் ஜஹான் மோர்ச் சொம்போடு அவன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“மாஷா அல்லா, இன்னா அழகா படிக்கிறான். எங்க பேட்டா, இன்னொரு தரம் படி.”

படித்தான். அவள் சொம்பைக் கீழே வைத்துவிட்டு அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பக்கத்தின் நடுவில் ஒரு சொல்லின் மேல் தன் விரலை வைத்தாள்.

“இது மட்டும் சொல்லு.”

யாபேஸின் உதடு அசைந்தது. மேல் வரியிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே இறங்கி வந்தான். அவள் விரல் இருந்த இடம் வந்ததும் அந்தச் சொல்லைச் சத்தமாகச் சொன்னான். சரியான சொல்தான்.

கமர் ஜஹான் கைப்பையிலிருந்து பிள்ளைகளுக்காக வாங்கி வந்த முறுக்குப் பொட்டலத்தை எடுத்தாள். அதன்மேல் கடைப்பேர் தமிழில் பெரிதாக அச்சடித்திருந்தது.

“இதுல இன்னா எழுதியிருக்குது, சொல்லிட்டு எடுத்துக்க.”

“தண்ணி குடிச்சிட்டு வரேன்” என்று சொல்லிவிட்டு யாபேஸ் உள்ளே போனான். முறுக்கைக்கூட வாங்கவில்லை.

கமலா கட்டையைத் தட்டுவதை நிறுத்தினாள். “வெக்கப்படறான்க்கா. புது ஆளுங்கன்னா அப்படித்தான்.”

“நான் இன்னா புது ஆளாம்மா அவனுக்கு?” கமர் ஜஹான் குரலைத் தாழ்த்தினாள். “கோச்சிக்காத. எங்க பையன் பைசல் சின்னதுல அரபி ஓதப் போனான். வூட்ல வந்து ஓதிக்காட்டுவான், கேட்டா கண்ணுல தண்ணி வரும். அவங்க அத்தா வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் ஓதிக்காட்டச் சொல்லுவாரு. ஒரு நாளு ஓதிக்குடுக்கற உஸ்தாது நடுவுல கை வெச்சாரு. இவன் மொதல்லேர்ந்து ஓடியாந்து அந்த எடத்துல நின்னான். அவரு சிரிச்சிட்டாரு. புள்ளைக்கி எழுத்தே தெரியல. காதுல வாங்கி வாங்கியே ஓதிக்கினு இருந்திருக்கான். எங்களுக்கு ரெண்டு வருசமா தெரியல.”

“எம் புள்ளைக்கி அப்படியெல்லாம் இல்லக்கா. நானே கூட உக்காந்து சொல்லித் தரேன்.”

“இல்லன்னா சந்தோசம்தான். நான் ஒண்ணும் சொல்லல. ரெண்டு வெயிலு காட்டிடு.”

ஆட்டோ போனதும் கமலாவுக்கு ஆத்திரம் வந்தது. யாரோ வந்து மோர் குடித்துவிட்டு என் பிள்ளைக்குப் படிக்கத் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போகிறாளே என்று இருந்தது. அந்த ஆத்திரத்தோடு கொஞ்ச நேரம் புளியை அடித்தாள். ஓடு தூரப் பறந்தது. பிறகு யாபேஸைக் கூப்பிட்டாள். சிலேட்டைத் தேடவில்லை. பக்கத்தில் குவிந்து கிடந்த புளியங்கொட்டைகளைத் தரையில் அடுக்கி ‘க’ என்று ஓர் எழுத்துப் போட்டாள்.

“இது இன்னா?”

பையன் எழுத்தைப் பார்க்கவில்லை. அம்மாவின் வாயைப் பார்த்தான். அது எதையாவது சொல்ல ஆரம்பிக்குமா என்று காத்திருந்தான். அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

“இன்னாடா இது?”

“புளியங்கொட்டமா” என்றான்.

கமலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இருந்தவளுக்கு அது எப்போது அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. பையனும் அழ ஆரம்பித்தான். உள்ளே கேழ்வரகுக் கூழ் கிண்டிக்கொண்டிருந்த அபிநயா துடுப்போடு ஓடி வந்தாள். தரையில் கிடந்த எழுத்தைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

“உனக்குத் தெரியுமாடி?” என்றாள் கமலா.

“தெரியும்மா.”

“எப்பலேர்ந்து?”

“ரொம்ப நாளா. வழியில போர்ட காட்டி யாராச்சும் எதுனா கேட்டா எங்கிட்ட சைகையில கேப்பான். நான் சொல்லுவேன்.”

“ஏன்டி எங்கிட்ட சொல்லல?”

“அப்பா அவன தோள்ல வெச்சிக்கினு சுத்தறாரு. நான் இன்னான்னு சொல்றது? அதில்லாம, படிக்கலன்னா மலையில ஹாஸ்டல்ல போட்டுருவாங்கன்னு நான்தான் ஒரு தரம் வெளாட்டுக்குச் சொல்லிட்டேன். அதுலேர்ந்து பயந்துகினு கெடக்குறான்.”

“உனக்கு மட்டும் எப்படிடி வந்திச்சி? ரெண்டு பேத்துக்கும் ஒரே மாதிரிதான சொல்லிக்குடுத்தேன்?”

அபிநயா துடுப்பில் ஒட்டியிருந்த கூழைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “எனக்கு ஒண்ணாவதுலயே டீச்சர் எழுத்து சொல்லிக்குடுத்தாங்கம்மா. நீங்க என்னைய நிறுத்தும்போது நான் படிச்சிக்கினுதான இருந்தேன்.”

கமலா இத்தனை வருஷமாக இதை நினைத்துப் பார்க்கவே இல்லை. பெண் நன்றாகப் படிக்கிறாள் என்றதும் தன் முறை சரி என்று நம்பிவிட்டாள். அஸ்திவாரம் யாரோ போட்டது, மேலே சுவர் எழுப்பிவிட்டு வீடே நான் கட்டினேன் என்று நினைத்திருக்கிறாள். பையனுக்கு அஸ்திவாரமே இல்லை. அவளுக்கு அவமானமாக இருந்தது. பையன் மேல் கோபம் வரவில்லை. எட்டு வயதுப் பிள்ளை வருஷக்கணக்காக எவ்வளவு பயத்தை மனதில் வைத்துக்கொண்டு அவ்வளவு அழகாக விரல் நகர்த்தியிருக்கிறான்!

“ஹாஸ்டல்லலாம் போடமாட்டேன்டா. எங்கியும் போவ வேணாம். அழுவாத” என்று அவனை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். கூழ் அடிபிடித்த வாசனை உள்ளேயிருந்து வந்தது.

வியாழக்கிழமை காலையில் மலைக்குப் போன அருள் வெள்ளிக்கிழமையும் அங்கேயே தங்கிவிட்டான். சனிக்கிழமை மத்தியானம் வண்டி வந்து நின்றபோது மலைப்பக்கம் வானம் கறுத்திருந்தது. வண்டியில் புளி மூட்டைகளுக்கு மேலே ஒரு பெரிய பலாப்பழம். மலையில் அவனுக்குப் புளி போடும் பெரியண்ணன் என்பவர் கொடுத்துவிட்டது.

“மழ வருது கமலா. புளிய வாரு, புளிய வாரு.”

சொல்லி வாய் மூடவில்லை, காற்று கிளம்பிவிட்டது. தெரு முழுக்கப் பெண்கள் ஓடினார்கள். காய்ந்த புளியில் மழை பட்டால் கறுத்துப் போகும். அப்புறம் யாரும் தொடமாட்டார்கள். அருள் ஒரு முனையும் கமலா ஒரு முனையும் பிடித்துத் தார்ப்பாயைச் சுருட்டி, புளியோடு அப்படியே இழுத்து வீட்டுக்குள் தள்ளினார்கள். பிள்ளைகள் சிதறினதைப் பொறுக்கினார்கள். முதல் துளிகள் புழுதியில் விழுந்து மண்வாசனை கிளம்பியது. நான்கு பேரும் மூச்சு வாங்க உள்ளே வந்து நின்றபோது கூரைத் தகரத்தில் மழை கொட்ட ஆரம்பித்தது.

அருள் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னான். “வழியில பூமாலக்காவப் பாத்தேன். திங்கக்கெழம எச்.எம். ஆபீசுக்கு வராராம். அஜித்துக்கு டிசி வாங்கிடறேன்னு சொல்லிச்சி. மத்த ரெண்டு வூட்டுக்காரங்களும் அக்கா மொதல்ல வாங்கட்டும்னு பாத்துகினு இருக்காங்க.”

பூமாலை சபைக்கு வருகிற பெண். புருஷன் கரும்பு வெட்டப் போகிறவன். ஒரே பையன் அஜித், யாபேஸ் வயது. கமலா பிள்ளைகளை அடுப்படிக்கு அனுப்பிவிட்டுப் புருஷன் பக்கத்தில் போனாள்.

“ஏங்க. அவங்கள டிசி வாங்க வேணாம்னு சொல்லுங்க. நம்ம யாபேசுக்குப் படிக்கத் தெரியல.”

“இன்னா சொல்ற நீ?”

அவள் சொன்னாள். கமர் ஜஹான் வந்தது, புளியங்கொட்டை, அபிநயா சொன்னது எல்லாவற்றையும் சொன்னாள். மழைச் சத்தத்தில் பாதி இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

“பாய்வூட்டம்மா ஒரு வார்த்த சொன்னா ஒடனே நம்பிருவியா நீ? யாபேசு! இங்க வாடா. ஞாயித்துக்கெழம பகுதியப் படி.”

யாபேஸ் அம்மாவைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை எடுத்தான். முதலிலிருந்து கடைசிவரை ஒரு தப்பில்லாமல் படித்தான்.

“பாத்தியா?” என்றான் அருள்.

கமலா புத்தகத்தை வாங்கி மூடினாள். “இப்பவும் சொல்லுடா கண்ணு.”

மூடின புத்தகத்துக்கு எதிரில் பையன் மறுபடியும் முழுக்கச் சொன்னான். பழக்கத்தில் விரல் மூடின அட்டைமேல் வரி வரியாக நகர்ந்துகொண்டிருந்தது. அருள் அந்த விரலைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பையனை உள்ளே போகச் சொல்லிவிட்டுப் புளி மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டான்.

“ஞாயித்துக்கெழம போவட்டும்” என்றான்.

“போவட்டும்னா?”

“மனப்பாடமா வருதில்ல? படிச்சிட்டு உக்காந்துருவான். யாருக்குத் தெரியப்போவுது. திங்கக்கெழமலேர்ந்து நீ அனா ஆவன்னாவுலேர்ந்து சொல்லிக்குடு. ஆறு மாசத்துல புடிச்சிக்குவான். மூளையில்லாத புள்ளயா அவன்?”

“அது செரி. பூமாலக்கா புள்ள? அத நம்பி பள்ளிக்கூடத்த வுட்டு நிறுத்திட்டு வருவாங்களே, அவங்களுக்கு இன்னா சொல்றது?”

“அவங்களுக்கும் நல்லா சொல்லிக்குடு. இப்பதான் எங்க தப்பாச்சின்னு தெரிஞ்சிடுச்சில்ல?”

“தெரியாதத தெரியும்னு காட்டி புள்ளைங்கள சேத்துக்கச் சொல்றீங்களா?”

“கத்தாத. அடுப்படியில கேக்குது.” அருளின் குரல் உடைந்தது. “நான் குடிச்சிட்டு உழுந்து கெடந்தப்ப இந்தத் தெருவே நின்னு சிரிச்சிது கமலா. உனக்குத் தெரியாதா? இப்ப எம் புள்ள படிக்கும்போது எல்லாம் வாய மூடிக்கினு கேக்குது. எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான். அதையும் சபைக்கு நடுவுல வெச்சி ஒடைக்கச் சொல்றியா?”

அவன் சொன்னது உண்மை. அவள் அவனைத் தெருவிலிருந்து தூக்கி வந்தவள், அந்தச் சிரிப்பு அவள் காதிலும் இருந்தது. பலாப்பழத்தை அறுக்கச் சொல்லி அபிநயா வந்து நின்றாள். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு கமலா அறுக்க உட்கார்ந்தாள். சுளை தேன்போல இருந்தது. பிள்ளைகள் மட்டும் சாப்பிட்டார்கள்.

ஞாயிறு காலை வெயில் பழையபடி வந்துவிட்டது. சபை என்பது ஊருக்கு வெளியே மக்காச்சோளக் காடு ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், பிள்ளைகள் முன்னால் பாயில். ஃபேன் அனல் காற்றை வாரி இறைத்தது. பாஸ்டர் கள்ளக்குறிச்சியிலிருந்து பைக்கில் வந்து வேர்வை சொட்ட நின்றார். பாட்டு முடிந்ததும் யாபேஸைக் கூப்பிட்டார்கள்.

யாபேஸ் போனான். வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்துச் சீவின தலை. புத்தகத்தைப் பிரித்து வாசித்தான். கணீரென்று வாசித்தான். பக்கம் புரட்டும் இடத்தில் புரட்டினான். பாட்டிமார்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அருள் தலை நிமிரவில்லை. சபையில் வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை, கமலா கவனித்தாள்.

அடுத்தது சாட்சி நேரம். யார் வேண்டுமானாலும் எழுந்து கர்த்தர் தனக்குச் செய்த நன்மையைச் சொல்லலாம். ஒவ்வொரு வாக்கியம் முடியும்போதும் மற்றவர்கள் ஸ்தோத்திரம் சொல்லுவார்கள். முதலில் பூமாலை எழுந்தாள்.

“அந்தத் தம்பி படிக்கறதக் கேட்டதுலேர்ந்து எனக்குத் தூக்கமில்ல.”

“ஸ்தோத்திரம்.”

“நாளைக்கி அஜித்துக்கு டிசி வாங்கிடறேன். சிஸ்டர் கமலாகிட்டயே வுடப்போறேன்.”

“ஸ்தோத்திரம்!”

அவள் உட்காருவதற்குள் கமலா எழுந்துவிட்டாள். புடவைத் தலைப்பைத் தலைமேல் இழுத்து விட்டுக்கொண்டாள்.

“எம் புள்ள யாபேசு படிச்சத எல்லாரும் கேட்டீங்க.”

“ஸ்தோத்திரம்.”

“அவனுக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது.”

“ஸ்தோத்திரம்” என்றது சபை.

பழக்கதோஷம். வாய் சொன்ன பிறகுதான் காது கேட்டது. ஃபேன் சத்தம் மட்டும் இருந்தது. பாஸ்டர் மெதுவாக, “சிஸ்டர், உக்காருங்க. அப்பறமா பேசிக்கலாம்” என்றார்.

“இல்ல பாஸ்டர், சொல்லிடறேன். உக்காந்தா எனக்குத் தைரியம் போயிடும்.” கமலா பூமாலையைப் பார்த்துப் பேசினாள். “நான் படிப்பேன், கூட கூட சொல்லுவான். காதுல வாங்கித்தான் சொல்றான். எழுத்த நான் சொல்லியே தரல. சொல்லித் தந்துட்டேன்னு நெனச்சிக்கினு இருந்தேன். தப்பு எம்மேல, புள்ளமேல இல்ல. அவன யாரும் ஒண்ணும் கேக்காதீங்க. அவனுக்கு இனிமேதான் நான் ஆரம்பிக்கணும். பூமாலக்கா, டிசி வாங்காதீங்க. என்னைய நம்பி புள்ளைங்கள நிறுத்தாதீங்க.”

சொல்லிவிட்டு அப்படியே நின்றாள். உட்காரக்கூடத் தோன்றவில்லை. எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள். நல்ல பேரும் போயிற்று, புருஷனின் மானமும் போயிற்று. ஆண்கள் பக்கம் பார்க்க அவளுக்குத் துணிச்சல் இல்லை. முன்னால் பாயில் யாபேஸ் புத்தகத்தை மார்போடு கட்டிக்கொண்டு குனிந்திருந்தான். அவன் காது இரண்டும் சிவந்திருந்தன.

பெண்கள் பக்கத்தில் பூமாலை மறுபடியும் எழுந்தாள்.

“நான் ஒண்ணு சொல்லலாமா பாஸ்டர்?” என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. “எம் புள்ள மூணாவது முடிச்சிட்டான். ஒரு நாளு தவறாம பள்ளிக்கூடம் போனான். மார்க்கெல்லாம் நல்லாத்தான் போட்டுக் குடுக்கறாங்க. அவனுக்கும் படிக்கத் தெரியாது.”

யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை.

“பாட்டெல்லாம் சொல்லுவான். பொஸ்தகத்துல எந்தப் பாட்டு எங்க இருக்குதுன்னு படத்த வெச்சிச் சொல்லுவான். நான் படிக்காதவ, எனக்கே போன மாசந்தான் தெரிஞ்சிது. வெளிய சொல்ல வெக்கமா இருந்திச்சி. அதனாலதான் கமலாகிட்ட வுட்டா வந்துரும்னு நெனச்சேன். வேற ஒண்ணும் இல்ல.” அவள் மூக்கைத் தலைப்பால் துடைத்தாள். “நீ எழுந்து சொல்லிட்ட. இல்லன்னா நான் இன்னும் சொல்லாமலேதான் உக்காந்துகினு இருந்திருப்பேன்.”

பாஸ்டர் எதையோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஆண்கள் பக்கத்தில் அருள் எழுந்து நின்றான். அவன் முகம் அழுதவன் முகம்போல இருந்தது. ஆனால் குரல் மலைப்பாதையில் எதிரே வருகிற வண்டிக்கு வழி சொல்லும்போது இருக்கிற குரல்தான்.

“பூமாலக்கா, அஜித்து பள்ளிக்கூடத்துக்குப் போவட்டும். நிறுத்தாதீங்க. சாயங்காலம் சாயங்காலம் எங்க வூட்ல கொண்டாந்து வுடுங்க. ரெண்டு பேத்தையும் ஒண்ணா உக்கார வெச்சி அனாவுலேர்ந்து ஆரம்பிக்கட்டும் அவங்க.” பின்வரிசைவரை ஒரு பார்வை பார்த்தான். “வேற யாரு புள்ளைக்காவது தெரியலன்னாலும் அனுப்புங்க. ஒருத்தரும் சிரிக்கமாட்டோம்.”

பின்வரிசையில் ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளின் கையைப் பிடிப்பது தெரிந்தது. கமலா அப்போதுதான் உட்கார்ந்தாள்.

முன்னால் பாயில் அஜித் முட்டிபோட்டு நகர்ந்து யாபேஸ் பக்கத்தில் போனான். பெரியவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதெல்லாம் அவனுக்குத் தேவையில்லை. யாபேஸின் முகத்துக்கு நேராகக் குனிந்து, நம்ப முடியாத சந்தோஷத்தோடு கேட்டான்.

“டேய், ஒனக்குமாடா?”

யாபேஸ் நிமிர்ந்து பார்த்தான்.

“ஆமாடா” என்றான். இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். கூட்டம் முடியும்வரை யாராலும் அவர்களை நிறுத்த முடியவில்லை.